ரத்த மாத்திரை

ஸ்கேன் அறை மேசையின் இடது ஓரத்தில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் எப்போதும் இருக்கும். வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுகிற அளவு. ஓரத்தில் யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்ததாகப் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த ஸ்கேன் டாக்டரம்மா அதைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார். கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுக்க வருகிற ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுவந்து அதில் கவிழ்க்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பா, ஊறுகாய் பாட்டில், முடிச்சுப் போட்ட கேரிப்பை என்று எல்லாம் வந்து கவிழும். மாத்திரைகளோடு ஹேர்பின், பழைய சாவி, காய்ந்த திருநீற்றுப் பொட்டலம், ஒரு தடவை ஒரு பொய்ப்பல்கூட வந்து விழுந்தது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அட்டையாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் படிப்பார். படித்து முடிக்கும்வரை ஊசியைத் தொட மாட்டார். எனக்கு அந்தத் தாம்பாளத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். புதுக்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலைதான், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வாயும் சும்மா இருக்காது. வார்டில் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்கிறேன். டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்து மூன்றோ நாலோ இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமாக, ஒல்லியாக, மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆளே தெரியாது. 'ஏனுங்க சிஸ்டர்' என்று அவர் இழுத்துக் கூப்பிடுவதைச் சொல்லிச் சொல்லி முதல் வாரம் முழுக்க நாங்கள் சிரித்தோம். எங்கள் பேச்சும் அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை ஒரு பாட்டி 'சீனி மாத்திரை' என்றபோது, அது இனிப்பாக இருக்குமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த ஒரு மீனவரை, டப்பா கொண்டுவரவில்லை என்று அவர் திருப்பி அனுப்பிய அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "என்னென்ன சாப்பிடுறாருன்னு நான் கேட்டு ஃபாரத்துல டிக் போட்டிருக்கேன் டாக்டர். அது பத்தாதா?" என்றேன். "பத்தாதுங்க சிஸ்டர்" என்றார். "உங்க ஊர்ப் பேச்சு எனக்குப் பாதி புரியறதில்லைங்க. மாத்திரை அட்டை புரியும்." அவ்வளவுதான். சண்டைக்கும் வரவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் கோபப்படுவது ரொம்பக் கஷ்டம். பேச்சு புரியாத குறையைத் தாம்பாளத்தை வைத்து மறைக்கிறது சின்னப் பொண்ணு என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு அந்த மீனவரை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தேன்.

ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவரைப் பார்த்து வாயடைத்துப் போய் நிற்பேன். கல்லீரலில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரியும். என்ன கட்டி என்பது பல சமயம் ஸ்கேனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே போய்த் துளிச் சதையை எடுத்துவந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். போகிற வழி லேசான வழி அல்ல. விலா எலும்புகளுக்கு நடுவே நுழைய வேண்டும். மேலே நுரையீரல், கீழே குடல், ஒட்டினாற்போல் பித்தப்பை, கல்லீரலுக்குள்ளேயே கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். எதில் பட்டாலும் வம்பு. அந்த உறுப்பு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மூச்சை இழுத்தால் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். அப்படி நகர்ந்துகொண்டே இருக்கிற ஒன்றுக்குள், இடது கையில் ஸ்கேன் கருவியையும் வலது கையில் ஊசியையும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்தபடி அவர் போவார். கருப்புத் திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாக மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ரத்தக் குழாயை ஒட்டி வந்ததும் நிற்கும், சற்றே சாயும், மறுபடி இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வரும் என்று வீட்டுக்குப் போகும்வரை யோசித்துக்கொண்டே போனேன். மறுநாள் தாம்பாளத்தைப் பார்த்ததும் மறுபடி எரிச்சல் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் என் அத்தாச்சிக்கு உடம்பு கெட்டது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அத்தாச்சி என்போம். அண்ணனுக்குக் கொடும்பாளூர்ப் பக்கம் கடலைக்காடு. அத்தாச்சி விராலிமலையில் நான்குவழிச் சாலையோரம் இட்லிக் கடை வைத்திருந்தார். எனக்குப் பதினான்கு வயதில் அம்மா போய்விட்டார். அதற்கப்புறம் எனக்குத் தலை வாரிவிட்டதும், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், பொட்டப்பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு படிப்பு என்ற அண்ணனிடம் மூன்று நாள் பேசாமல் இருந்து என்னை நர்சிங்கில் சேர்த்ததும் அத்தாச்சிதான். அம்மா போனபோது அவருக்கே இருபத்தொன்றோ இரண்டோதான் வயது. நான் போட்டிருக்கிற வெள்ளை உடுப்பு அவர் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. வாய் கசந்தது. இட்லிக் கொப்பரையை ஒற்றை ஆளாக இறக்கிவைப்பவர் ஆறு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். ரவிக்கை தோளில் தொங்கியது. சி.டி. ஸ்கேனில் கல்லீரல் முழுக்க ஏழெட்டுக் கட்டிகள். வேறெங்கோ இருக்கிற புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. வயிற்றில் தேடினார்கள், மார்பில் தேடினார்கள், குடலுக்குள் குழாய் விட்டுத் தேடினார்கள். அது தொடங்கிய இடம் எங்கேயும் அகப்படவில்லை. நெஞ்சுப் படமும் சுத்தமாக இருந்தது. ஈரலில் சதை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் கழிப்பறையில் போய் நின்று படித்தேன். இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "கட்டியைக் குத்துனா பரவிரும். நம்ம சனத்துல யாரு குத்திப் பொழைச்சிருக்கா? குத்தவே கூடாது. நான் எங்கிட்டாச்சும் மருந்து வாங்கிக் குடுத்துப் பாத்துக்கிறேன்" என்றார். அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அத்தாச்சியும் வந்தார். என்னென்ன ஆகும் என்று அண்ணன் கேட்டதுதான் தாமதம், டாக்டரம்மா ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

"வலி இருக்கும், அது பெரிசில்லைங்க. ரத்தம் கசியும். பெரும்பாலும் தானா நின்னுடும், சிலருக்கு நிக்காது. அப்ப ரத்தம் ஏத்தணும், குழாயை அடைக்கணும். பித்தநீர் கசியலாம். நுரையீரல்ல பட்டுடலாம். ரொம்ப அபூர்வமா உயிரே போகலாம். அதெல்லாம் நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். நடக்காம இருக்க என்ன செய்யணுமோ அதைச் செய்வேன்."

"பரவுமா, பரவாதா? அதச் சொல்லுங்க."

"ஊசி போன வழியில கட்டி முளைக்கறது சில வகைக் கட்டியில எப்பவாவது உண்டுங்க. இல்லவே இல்லைன்னா அது பொய். ஆனா இது என்ன நோய்னே தெரியாம எந்த மருந்தைக் குடுக்கறது? புற்றுநோய்னாலும் பத்து விதம் இருக்கு. புற்றுநோயே இல்லாமலும் இருக்கலாம். அதை இந்த ஊசி ஒண்ணுதாங்க சொல்லும்."

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. சிரித்த முகமாக இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? அண்ணன் முகம் வெளுத்து எழுந்தே விட்டார். அத்தாச்சி மட்டும் அசையவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஃபாரத்தை இழுத்துக்கொண்டு, "கையெழுத்து எங்கிட்டுப் போடணும்?" என்றார். அண்ணன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபாரத்தை நிரப்புவது என் வேலை. அதில் ஒரு கேள்வி, 'இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் உட்கொள்கிறீர்களா?' என்று அச்சடித்திருக்கும். எங்கள் சனத்திடம் போய் அதை அப்படியே படித்தால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால் நான் சுருக்கமாக, "ரத்த மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பேன். வருஷக்கணக்காக அப்படித்தான் கேட்டேன். அத்தாச்சியிடமும் கேட்டேன். அவர் சிரித்தார். "ரத்த மாத்திரையா? அதெல்லாம் பிள்ளை உண்டாயிருக்கையில தின்னது. இந்த வயசுல எனக்கெதுக்குத்தா?" நானும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ரத்தப் பரிசோதனைகள் வந்தன. உறையும் நேரம் சரி, தட்டணுக்கள் சரி. மாத்திரை டப்பாவைப் பற்றி அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. என் அத்தாச்சி வீட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்கிற திமிர்.

செவ்வாய்க்கிழமை காலை. அத்தாச்சி வெறும் வயிற்றோடு, பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு மேசையில் படுத்திருந்தார். ஊசி, மரத்துப்போகப் போடுகிற மருந்து, பாட்டில்கள் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் மேசை ஓரத்தைப் பார்த்தார். தாம்பாளம் காலியாக இருந்தது.

"டப்பா எங்கங்க சிஸ்டர்?"

"இவங்க எங்க அத்தாச்சி டாக்டர். ஒண்ணும் சாப்பிடுறதில்ல. நான் கேட்டுட்டேன். ரத்த டெஸ்டெல்லாம் நார்மல்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "கொண்டுவரச் சொல்லுங்க. நான் இருக்கேன்" என்றார். எனக்கு மானமே போய்விட்டது. பட்டினியாகக் கிடக்கிற மனுஷியை வைத்துக்கொண்டு இது என்ன வீம்பு என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் அத்தாச்சியிடம் திரும்பி, "பசிக்குதுங்களா? மன்னிச்சுக்கங்க" என்றார். அண்ணன் கடுகடுவென்று பைக்கை எடுத்துக்கொண்டு விராலிமலைக்குப் போனார். போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் அந்த இரண்டு மணி நேரமும் டாக்டரம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வந்தது ஒரு மஞ்சள் பெருங்காய டப்பா. கவிழ்த்ததும் அறை முழுக்கப் பெருங்காய வாசனை. காய்ச்சல் மாத்திரை, வாயு மாத்திரை, கண்ணில் விடுகிற சொட்டு மருந்து, ரப்பர் பேண்ட் சுற்றிய ஓர் அட்டை. அந்த அட்டையை டாக்டரம்மா எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"இது எதுக்குங்கம்மா?"

"அதா? மரப்பு மாத்திரை. எடது கை மரத்து மரத்துப் போச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. நல்லாக் கேட்டுச்சு. அதான் அட்டையக் காமிச்சு மெடிக்கல்ல வாங்கி விடாமத் தின்னுக்கிட்டு இருக்கேன்."

"தினமுமா?"

"தினமுந்தான். நேத்துக்கூட."

டாக்டரம்மா அட்டையை என் பக்கம் திருப்பினார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற இரண்டு மருந்துகள், ஒரே மாத்திரையில். பக்கவாதம் வந்துவிடக்கூடாது என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார். இது உடம்பில் இருக்கிறது என்பதை நாங்கள் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் காட்டிக் கொடுக்காது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால்தான் அது தெரியவரும்.

"அத்தாச்சி, நான் கேட்டேன்ல, ரத்த மாத்திரை சாப்பிடுறீங்களான்னு" என்றேன். "ரத்த மாத்திரைன்னா ரத்தம் ஊறுறதுக்குக் குடுக்கிறதுதானத்தா? இது கை மரப்புக்குல்ல?" என்றார் அவர், நான் என்னவோ புரியாமல் பேசுகிற மாதிரி. அவர் சொன்னதுதான் சரி. எங்கள் ஊரில் ரத்த மாத்திரை என்றால் கர்ப்பிணிகளுக்கும் சோகை பிடித்த பிள்ளைகளுக்கும் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. எனக்கு அது தெரியாதா? நானே தின்றிருக்கிறேன், நானே ஆயிரம் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நேர் எதிரான ஒன்றைக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேரிடம் கேட்டேன், எத்தனை பேர் இல்லை என்று தலையாட்டினார்கள், எத்தனை கட்டத்தில் நான் டிக் போட்டேன் என்று எண்ணத் தொடங்கினேன், எண்ணி முடியவில்லை. ஊர்ப் பேச்சு தெரிந்த நான் செய்த பிழையை ஊர்ப் பேச்சு தெரியாத ஒரு பெண் தடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நரம்பு டாக்டரிடம் பேசி, மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தினால் பாதகமில்லை என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த செவ்வாய்க்குத் தேதி கொடுத்தார். அத்தாச்சிக்குச் சாப்பாடு வாங்கிவரச் சொன்னார். அண்ணன் மட்டும் வெடித்தார். "ஒரு வாரமா? உள்ள இருக்கிறது ஒரு வாரம் சும்மா இருக்குமா?" என்று கத்தினார். நடந்தது என்ன என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதாம், அதனால் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் அண்ணன் தினமும் விராலிமலை முருகனிடம் படியேறினார். நான் தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய் அத்தாச்சி மூஞ்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். புற்றுநோயாக இருந்தால் இந்த ஏழு நாளும் வீண். அன்றைக்கே குத்தியிருந்தாலும் ஆபத்து, தள்ளிப்போட்டதிலும் ஆபத்து. நான் சாப்பிட்டது எதுவும் அந்த வாரம் உடம்பில் ஒட்டவில்லை.

அடுத்த செவ்வாய் டாக்டரம்மா சதை எடுக்கிற ஊசித் துப்பாக்கியை அத்தாச்சி காதருகே வைத்து ஒரு தடவை வெறுமனே அழுத்திக் காட்டினார். டக் என்றது. "இந்தச் சத்தம்தாங்கம்மா வரும். பயந்து குலுங்கிடக் கூடாது." அத்தாச்சி, "எங்க கடை கேஸ் அடுப்புக்கு இதவிடச் சத்தம் ஜாஸ்தி" என்றார். விலாவுக்கு நடுவில் மரத்துப்போக ஓர் ஊசி போட்டு, பிளேடு நுனியால் தோலில் ஒரு சிறு கீறல். ஊசி உள்ளே போயிற்று. திரையில் வெள்ளைக் கோடு இறங்கியது. ஒரு குழாயின் ஓரத்தில் நின்றது. சாய்ந்தது. கட்டியின் விளிம்பைத் தொட்டது. "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றார். அத்தாச்சி நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். டக்.

வெளியே வந்தது ஒரு வேகாத சேமியா இழை. அவ்வளவுதான். விரல்கடை நீளம்கூட இல்லை. ஈரல் நிறத்தில் இல்லாமல் வெளுப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா, "கட்டியில இருந்துதான் வந்திருக்கு" என்று தலையாட்டினார். இன்னும் இரண்டு இழைகள் எடுத்தார். இரண்டை வழக்கம்போல் ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். மூன்றாவதைப் போடப் போனபோது என் கையைப் பிடித்துவிட்டார். "இதை சலைன்ல போடுங்க. ஃபார்மலின்ல போட்டா கிருமி எதாவது இருந்தாலும் செத்துடும்." எல்லோரும் புற்றுநோய் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்ட இடத்தில், இவர் மட்டும் வேறு ஏதாவது இருக்கலாம் என்று ஓர் இழையை ஒதுக்கி வைத்தார். அந்தப் பாட்டிலில் பெயர் ஒட்டும்போது என் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கால் மணிக்கு ஒரு தடவை நாடியும் பிரஷரும் பார்த்தேன். முதல் இரண்டு தடவை சரியாக இருந்தது. பிறகு அத்தாச்சி, "தோள் வலிக்குதுத்தா" என்றார். ஈரலைச் சுற்றி ஏதாவது கசிந்தால் வலது தோளில் வலிக்கும். ஊசி போட்ட பலருக்குச் சும்மாவும் வலிக்கும். நாடி கூடியிருந்தது. ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். ஸ்கேன் கருவியை வைத்தார். ஈரலின் விளிம்பில் மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு. ரத்தம்.

நரம்பில் சலைன் வேகமாக ஏறியது. ரத்த வங்கிக்குச் சொல்லிவைத்தார். பிறகு கட்டிலருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கருவியை வைத்து அந்தக் கோட்டை அளந்தார். அளந்துவிட்டு என்னிடம் "அப்படியே இருக்கு" என்பார். மறுபடி அளப்பார். "அப்படியே இருக்கு." மதியச் சாப்பாட்டுக்கு யாரோ வந்து கூப்பிட்டபோது தலையை மட்டும் அசைத்தார். இரண்டு மணி நேரத்தில் நாடி இறங்கியது, தோள் வலி குறைந்தது. கோடு கோடாகவே நின்றுவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்தபடி நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அந்த மாத்திரை உடம்பில் இருந்திருந்தால் இந்தக் கோடு நின்றிருக்குமா? போன செவ்வாய் என் இஷ்டப்படி விட்டிருந்தால், எனக்குத் தலை வாரிவிட்ட மனுஷியை நானே ஊசி முனையில் படுக்கவைத்து அனுப்பியிருப்பேன்.

பத்தாவது நாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா ஒருநாளும் வார்டுப் பக்கம் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அன்று படியேறி மூச்சு வாங்க வந்தார். "டிபிங்க சிஸ்டர். புற்றுநோய் இல்லை. ஈரல்ல டிபி. சலைன்ல போட்ட இழையிலயும் கிருமி தெரிஞ்சிருக்கு." நான் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காசநோய் என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுதவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு சேமியா இழை. அதற்குள் ஒரு குடும்பம் பிழைப்பதும் அழிவதும் எழுதியிருந்திருக்கிறது. அதைப் படிக்கவும் ஆள் இருக்கிறது. இருபது வருஷமாக இந்த வேலையில் இருந்தும் அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

மாதக்கணக்கில் மாத்திரை. ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று அத்தாச்சி முதல் நாளே போன் பண்ணி என்னைத் திட்டினார். மூன்றாம் மாதம் காய்ச்சல் நின்றது. கொப்பரையைத் தனியாக இறக்கத் தொடங்கினார். மருந்து முடிந்த பிறகு கடைசி ஸ்கேனுக்குக் கூட்டிவந்தேன். டாக்டரம்மா வெகுநேரம் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நான் பயந்துபோய், "என்ன டாக்டர்?" என்றேன். "எங்க குத்துனேன்னு தேடிக்கிட்டு இருக்கேங்க சிஸ்டர். எனக்கே தெரியலை" என்றார். திரை முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறம். கட்டி இருந்த இடமும் இல்லை, ஊசி போன வழியும் இல்லை. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷம் அவர் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய், ஊர்ப்பக்கமே வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்றுகூட நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எதுக்குங்க என்றுதான் சொல்லியிருப்பார்.

அண்ணனுக்கும் அத்தாச்சிக்கும் அந்த மாத்திரை விஷயத்தில் பிழை என்னுடையது என்பதை நான் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. போன மாதம் விராலிமலைக்குப் போயிருந்தேன். காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அத்தாச்சி எனக்கு இலை போட்டு இரண்டு இட்லி வைத்தார். என்னவோ, அன்று அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் கேட்ட கேள்வி, போட்ட டிக், டப்பா வேண்டாம் என்று நின்ற திமிர், அந்தக் கருப்புக் கோடு. அவர் சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அதான் ஒண்ணும் ஆகலையே, விடு" என்றார்.

எனக்கு விட மனசில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததையும் கேட்டேன். "அண்ணன் அத்தன தடவை வேணாம்னாரு. உசுரே போகலாம்னு டாக்டரம்மா வேற சொன்னாங்க. நீங்க ஒடனே கையெழுத்துப் போட்டீங்களே, அவங்க உள்ளத மறைக்காமச் சொன்னதாலயா?"

"அவுக சொன்னது எனக்கெங்க வெளங்குச்சு? பாதி அவுக ஊருப் பேச்சு, மீதி இங்கிலீசு." அத்தாச்சி இன்னொரு இட்லியை என் இலையில் வைத்தார். "நீ பக்கத்துல நின்னேல்ல. ஒன்ன நம்பித்தான் படுத்தேன்."